கண் கட்டிக்குள் ஆக்சிஜன் குறைந்தால்: கேள்வி பதில்

கண் கட்டிகளின் திசுவை நுண்ணோக்கியில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. சிகிச்சை சொல்வது என் வேலை இல்லை. ஸ்கேன் படங்களை அனுப்பாதீர்கள்.

முதுகலை மாணவி: ஹிஃப் புரதத்துக்கும், குழந்தைகளின் விழித்திரையில் வரும் புற்றான ரெட்டினோபிளாஸ்டோமாவுக்கும் என்ன தொடர்பு, மேடம்?

ஹிஃப் என்பது ஆக்சிஜன் குறையும்போது செல்லை அதற்கேற்ப மாற்றும் புரதம். அதன் ஒரு பகுதியான ஹிஃப்-1 ஆல்ஃபாவைச் செல்கள் ஓயாமல் தயாரிக்கும், ஓயாமல் அழிக்கவும் செய்யும். ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தால் ஒரு நொதி அதிலுள்ள புரோலின் என்ற அமினோ அமிலங்கள் இரண்டில் ஹைட்ராக்சிலைச் சேர்க்கும். அந்த அடையாளத்தை வைத்து விஹெச்எல் என்ற இன்னொரு புரதம் அதை அழிப்பதற்குப் பிடித்துக் கொடுக்க, சில நிமிடங்களில் கதை முடிந்துவிடும். ஆக்சிஜன் குறைந்தால் அடையாளம் விழாது. தப்பித்த ஹிஃப் உட்கருவுக்குள் போய், ரத்தக்குழாய் முளைக்கவைக்கும் விஇஜிஎஃப், சர்க்கரையை உள்ளே இழுக்கும் குளூட்-1 என்று வரிசையாக ஜீன்களை முடுக்கிவிடும். இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்த கெலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

இனி ரெட்டினோபிளாஸ்டோமா ஸ்லைடுக்கு வருவோம். நடுவில் ஒரு ரத்தக்குழாய். அதைச் சுற்றிச் சட்டைக்கை போலக் கருநீலச் செல்கள். ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தள்ளிப் போனால் எல்லாம் வெளிறிய இளஞ்சிவப்பு, அதாவது செத்த செல்கள். இடையிடையே சுண்ணாம்புப் படிவு. ஆக்சிஜன் அவ்வளவு தூரம்தான் எட்டுகிறது. உயிருள்ள பகுதி முடியும் அந்த ஓரத்தில் இருக்கிற செல்கள்தான் தொல்லை. மெதுவாகப் பிரிவதால் கீமோவுக்கு எளிதில் சிக்குவதில்லை. ஆக்சிஜன் இல்லாததால் கதிர்வீச்சும் அங்கே பாதி வேலைதான் செய்யும்.

ஆனால் கட்டியைத் தொடங்கிவைப்பது ஹிஃப் அல்ல. ஆர்பி1 ஜீனின் இரண்டு பிரதிகளும் கெடுவதுதான் வழக்கமான தொடக்கம். ஹிஃப் பின்னால் வந்து கட்டிக்குப் பிழைக்க வழி சொல்கிறது.

ஆய்வு மாணவர்: கண்ணின் நிறமிச் செல்களில் வரும் புற்றான மெலனோமாவில் 3ஆம் குரோமோசோம் ஒன்று தொலைகிறது. விஹெச்எல் ஜீனும் அதில்தானே இருக்கிறது?

நல்ல கேள்வி. இருக்கிறது, ஆனால் இங்கே முக்கியக் குற்றவாளி அதே குரோமோசோமில் உள்ள பிஏபி1 ஜீன். ஒரு பிரதி குரோமோசோமோடு போக, மிச்சமுள்ள பிரதியும் கெட்டால் கல்லீரலுக்குப் பரவும் ஆபத்து கூடும். விஹெச்எல்லுக்கு மற்றப் பிரதி பொதுவாக நன்றாகவே இருக்கும்.

ஒரு வாசகர்: ஆக்சிஜன் குறைவால்தான் புற்று வருகிறது என்று நிரூபித்து வார்பர்க் நோபல் வாங்கினார். பிராணாயாமம் செய்தால் போதுமே?

1931இல் அவர் நோபல் வாங்கியது சுவாச நொதியின் தன்மையையும் அது செயல்படும் விதத்தையும் கண்டறிந்ததற்கு. கட்டிச் செல்கள் ஆக்சிஜன் இருக்கும்போதே சர்க்கரையை நொதிக்கவைக்கின்றன என்று அவர் கவனித்ததும் உண்மை. அதிலிருந்து நீங்கள் சொல்லும் முடிவுக்குப் போக முடியாது. நுரையீரல் நன்றாக இருக்கிறவருக்கு ஹீமோகுளோபின் ஏற்கெனவே 95 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜனால் நிரம்பித்தான் இருக்கிறது. அந்த ஆக்சிஜனைக் கட்டியின் உள்ளே கொண்டுபோகக் குழாய் இல்லை. மூச்சை எவ்வளவு இழுத்தாலும் குழாய் வராது.

அதே வாசகர்: அழுத்த ஆக்சிஜன் அறையில் உட்காரவைத்தால்?

விடமாட்டீர்கள் போல. சரி. கதிர்வீச்சோடு சேர்த்துச் சில புற்றுகளில் சோதித்திருக்கிறார்கள். அது மட்டுமே கட்டியைக் கரைக்காது. அப்புறம், விஹெச்எல் ஜீன் கெடுவதால் பரம்பரையாக வரும் விஹெச்எல் நோயைப் பாருங்கள். அந்த நோயில் விழித்திரையில் வரும் கட்டிகளை 1904இலேயே வான் ஹிப்பல் என்ற கண் மருத்துவர் விவரித்திருக்கிறார். அங்கே பிடித்துக் கொடுக்க விஹெச்எல் புரதமே இல்லாததால், ஆக்சிஜன் தாராளமாக இருந்தாலும் ஹிஃப் குவிகிறது. உங்கள் கணக்குப்படி அந்தக் கட்டி வந்திருக்கவே கூடாது.

இன்னொருவர்: ஆக்சிஜன் ஏற்றிய தண்ணீர்?

வயிறு நுரையீரல் இல்லை.

முதுகலை மாணவி: ஹிஃப்பைத் தடுக்க மருந்து உண்டா, மேடம்?

ஹிஃப்-2 ஆல்ஃபாவைத் தடுக்கும் பெல்சூட்டிஃபான். விஹெச்எல் நோயில் வரும் சிறுநீரகக் கட்டி முதலியவற்றுக்கு 2021இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்தச் சோதனையில் விழித்திரைக் கட்டிகளுக்கும் நல்ல பலன் தெரிந்தது. அங்கே ஹிஃப்தான் கட்டியையே வளர்க்கிறது. ரெட்டினோபிளாஸ்டோமாவில் அப்படி இல்லை.

ஒரு தந்தை: விஇஜிஎஃப்பைத் தடுக்கும் ஊசியைக் குழந்தையின் கண்ணில் போடலாமா?

எல்லோரிடமும் சொல்வதுதான், மறுபடியும் சொல்கிறேன்: ரெட்டினோபிளாஸ்டோமா இருக்கலாம் என்ற சந்தேகம் தீராமல் குழந்தையின் கண்ணில் ஊசி குத்தக் கூடாது, பயாப்ஸிக்காகவும் கூடாது. குத்திய வழியாகப் புற்றுச் செல்கள் வெளியே கசியலாம். இதற்கென உள்ள மையங்களில் மெல்ஃபலான் என்ற கீமோ மருந்தை ஊசியாகப் போடும்போதுகூட, ஊசியை எடுக்கையில் குத்திய இடத்தை உறையவைப்பார்கள்.

போன் பார்த்தால் கண் புற்று வருமா?

வராது.

கேரட்?

பொரியல் நன்றாக இருக்கும்.

ஒரு தாய்: ஃபிளாஷ் போட்டோவில் ஒரு கண் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. மாறுகண்ணும் லேசாக இருக்கிறது. வளர்ந்தால் சரியாகும் என்கிறார் மாமியார்.

இந்த வாரமே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். கண்மணி வெள்ளையாகத் தெரிவதுதான் ரெட்டினோபிளாஸ்டோமாவில் அதிகம் காணப்படும் அறிகுறி, மாறுகண் அடுத்தது. இரண்டுக்கும் வேறு காரணங்களும் உண்டு. எது என்று போட்டோவை வைத்து நான் சொல்ல முடியாது. சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரியவைத்து, விழித்திரை முழுவதையும் பார்க்கச் சொல்லுங்கள். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அனுப்பினால், இன்னொரு மருத்துவரிடம் போங்கள்.