பழைய படகோடு வந்த ஈபிர்ப்: பச்சை விளக்கை நம்பலாமா?

கேள்வி: தங்குகடலுக்குப் போகிற விசைப்படகு ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறேன். ஆபத்தில் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் ஈபிர்ப் (EPIRB) கருவியும் சேர்ந்தே வந்தது. டெஸ்ட் பட்டனை அழுத்தினால் பச்சை விளக்கு எரிகிறது, இதற்குமேல் ஒன்றும் வேண்டாம் என்கிறார் புரோக்கர். சரிதானா?

பதில்: சரியில்லை. கருவி இப்போதைக்கு வேலை செய்கிறது என்பதற்கு மேல் அந்த விளக்கு எதையும் சொல்லாது. அது யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

ஆபத்தில் கருவி 406 மெகாஹெர்ட்ஸில் தன் 15 இலக்க அடையாளத்தைச் செயற்கைக்கோளுக்கு அனுப்பும். பதிவேட்டில் உள்ள நம்பருக்குப் போன் போகும். எடுப்பவர் பழைய முதலாளி. "என் படகை விற்றாச்சே" என்று அவர் குழம்பினால் தேடுகிறவர்களுக்கு நேரம் வீணாகும். ஆகவே லேபிளில் உள்ள அந்த 15 இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, பெங்களூருவில் இஸ்ரோவின் இஸ்ட்ராக் வளாகத்தில் இயங்கும், இந்த ஆபத்து சிக்னலைப் பெறும் இந்தியக் கட்டுப்பாட்டு மையத்தில் உங்கள் பெயர், படகு விவரம், கரையில் எப்போதும் போன் எடுக்கிற இருவரின் நம்பர் ஆகியவற்றைப் பதிவு செய்யுங்கள். படகின் ஆர்.சி.யைப் பெயர் மாற்றும்போதே இதையும் மாற்றிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? மனித உயிர் சம்பந்தப்பட்ட காகிதத்துக்கு மீனவர் தனியாக அலைய வேண்டியிருப்பது கொடுமை.

அடுத்தது பேட்டரி. டெஸ்ட் சில நொடிதான் மின்சாரம் இழுக்கும். கடலில் 48 மணி நேரம் தாங்க வேண்டும். காலாவதியான பேட்டரியிலும் பச்சை எரியும். சில புரோக்கர்கள் கடைத்தெரு பேட்டரியைப் போட்டுப் புது தேதி ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். பெட்டியை ஒருமுறை திறந்தால் தண்ணீர் புகாத சீலைச் சோதித்து மூட வேண்டும், அந்த வசதி தெருமுனைக் கடையில் இல்லை. கம்பெனி அங்கீகரித்த சர்வீஸ் சென்டரின் பில்லும் சான்றிதழும் இல்லாத பேட்டரியை ஏற்காதீர்கள்.

கருவியை மாட்டும் கூண்டில் ஹெச்.ஆர்.யூ. (தண்ணீரின் அழுத்தத்தில் கருவியைத் தானாக விடுவிக்கும் பாகம்) இருந்தால் அதன் தேதியையும் பாருங்கள். பொதுவாக 2 வருடத்தில் மாற்ற வேண்டும். படகு மூழ்கி 1.5 முதல் 4 மீட்டர் ஆழம் போனதும் அது பிடிப்பை அறுத்துக் கருவியை மேலே விடும்.

இதில் ஒரு விஷயம் எல்லாருக்கும் தெரிய வேண்டும். மரப்படகும் ஃபைபர் படகும் கவிழ்ந்தபின் மூழ்காமல் மிதக்கலாம். கூண்டு அந்த ஆழத்துக்குப் போகாது, ஹெச்.ஆர்.யூ. அறுக்காது, கருவி தலைகீழாகக் கூண்டுக்குள்ளேயே கிடக்கும். கூரைக்கு அடியில் மாட்டியிருந்தால், அறுந்தாலும் அங்கேயே சிக்கிக்கொள்ளும். அதனால் திறந்தவெளியில் மாட்டுங்கள். கவிழும் என்று தெரிந்தவுடன் கையில் எடுப்பவர் யார் என்று துறைமுகத்திலேயே முடிவு செய்யுங்கள். கருவியின் கயிற்றை லைஃப் ஜாக்கெட்டிலோ மிதவையிலோ கட்டுங்கள், படகில் கட்டவே கூடாது. ஆன்டெனா வானத்தைப் பார்த்து நிற்க வேண்டும்.

கூண்டை விட்டு வெளியே எடுத்துத் தண்ணீர் பட்டால் பெரும்பாலான கருவிகள் தானாகவே இயங்கிவிடும். கழுவும்போதோ மழையில் கொண்டுபோகும்போதோ அப்படி நேர்ந்தால் உடனே அணைத்துவிட்டு, கடலோரக் காவல்படையின் 1554க்குச் சொல்லுங்கள்.