எந்த நாடு நல்ல நாடு?

அன்பின் ஐயா,

அம்பாறை மாவட்டத்து நிந்தவூரில் உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். போன கிழமை அணிசேரா இயக்கம் பற்றிய பாடம். 1976 இல் கொழும்பில் நடந்த மாநாட்டையெல்லாம் சொல்லி முடித்த பிறகு ஒரு மாணவி எழும்பி, "சேர், இந்தியாவா சீனாவா, எந்த நாடு எங்களுக்கு நல்லது?" என்று கேட்டாள். இவ்வளவு நேரமும் அணிசேராமை பற்றித்தானே சொன்னேன் என்றேன். வகுப்பே சிரித்தது. எனக்கு ஒழுங்கான பதில் வரவில்லை.

உங்களிடம் ஒரு குறையும் சொல்ல வேண்டும். அம்பாந்தோட்டை, கொழும்புத் துறைமுக முனையம், பாரிஸில் நடந்த கடன் பேச்சு என்று எழுதுகிறீர்கள். எங்கள் ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் கால் மணித்தியாலத்தில் போகக்கூடிய ஒலுவில் துறைமுகத்தைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை.

இன்னொன்று. எந்த நாட்டுத் தூதுவர் கிழக்குக்கு வந்தாலும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் மனுவோடு போகிறார்கள். இரண்டு தடவை அந்த மனுவை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தவன் நான். கடலரிப்பைத் தடுக்கக் கல் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டோம். படம் எடுத்தார்கள், தேநீர் குடித்தார்கள், போய்விட்டார்கள். இதில் ஏதாவது பயன் உண்டா? எங்களைப் போன்றவர்களுக்கு வெளிநாட்டு உறவில் என்ன வேலை இருக்கிறது?

பெயர் போட வேண்டாம்.

நிந்தவூரிலிருந்து ஓர் ஆசிரியர்

---

அன்பின் தம்பி,

ஒலுவிலைப் பற்றி எழுதாதது என் பிழைதான். காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். வெளிவிவகாரம் எழுதுகிறவனுக்கு வெளிநாடு கொழும்பில் இருக்கிறது என்று ஒரு நினைப்பு. மட்டக்களப்புக் கல்லடியில் இருந்துகொண்டு நானும் அந்த நினைப்போடுதான் இத்தனை நாளும் எழுதி வந்திருக்கிறேன். சரி, இந்தத் தடவை இந்தியாவையும் சீனாவையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு ஒலுவிலில் தொடங்குகிறேன்.

ஒலுவில் துறைமுகம் டென்மார்க் கொடுத்த வட்டியில்லாக் கடனில் கட்டப்பட்டது. ஏறத்தாழ 46 மில்லியன் யூரோ. 2008 இல் வேலை தொடங்கி, 2013 செப்டெம்பரில் திறந்தார்கள். வட்டியில்லை என்றால் உங்கள் ஊரில் அதற்கு மேல் பேச்சு இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் வட்டியில்லாக் கடனுக்கும் ஒரு விலை இருக்கிறது. டென்மார்க் அந்தக் காலத்தில் கொடுத்து வந்த இந்த வகைக் கடனில், வட்டியை டென்மார்க் அரசு தன் உதவிப் பணத்திலிருந்து கட்டிவிடும். பதிலுக்கு வேலை டென்மார்க் நிறுவனத்துக்குப் போகும். ஒலுவிலையும் டென்மார்க் நிறுவனம்தான் கட்டியது. இதில் கள்ளம் ஒன்றுமில்லை. ஜப்பான், சீனா, இந்தியா எல்லோரும் ஏதோ ஓர் அளவில் இப்படித்தான் கொடுக்கிறார்கள். கொப்பியில் எழுதிக் கடன் தருகிற கடை முதலாளி, மற்றக் கடையில் சாமான் வாங்க விடுவாரா? என்ன வந்துவிடுகிறது என்றால், அந்தக் கடையில் இருக்கிற சாமான்தான் நம் வீட்டுக்குத் தேவை என்று நாமே நம்பத் தொடங்கிவிடுகிறோம்.

நம் கடற்கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. அலை சாய்ந்து அடிப்பதால் கரையோடு கரையாக நகர்ந்துகொண்டே இருக்கும். வருடக் கணக்கில் கூட்டிக் கழித்துப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே போவதுதான் அதிகம். எந்த மாதம் நீர் எந்தப் பக்கம் இழுக்கும் என்று கரைவலைக்காரர்களிடம் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே கல்லை அடுக்கிக் கடலுக்குள் நீட்டினால் தெற்குப் பக்கம் மணல் சேரும். வடக்குப் பக்கத்துக்கு வரவேண்டிய மணல் வராது, கடல் கரையைத் தின்னும். ஒலுவிலில் நடந்தது அதுதான். தென்னைகள் வேரோடு விழுந்தன, தோணி இழுத்து வைத்த இடமெல்லாம் கடலுக்குள் போனது, அரிப்பு உங்கள் நிந்தவூர் வரைக்கும் வந்தது. அதே மணல் துறைமுக வாயிலையும் அடைத்தது. வாயிலைத் தோண்டுங்கள் என்று பெரிய படகுக்காரர்கள் கேட்டார்கள். முதலில் எங்கள் கரைக்கு வழி சொல்லுங்கள் என்று ஒலுவில் மக்கள் மறித்தார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. எங்கோ கிடக்கிற ஒரு நாட்டின் கடன், பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்களை எதிரெதிரே நிறுத்தி வைத்துவிட்டது.

இப்போது உங்கள் மாணவியின் கேள்விக்கு வருவோம். டென்மார்க் கெட்ட நாடா? தேசிய வருமானத்தில் 0.7 வீதத்தை உதவிக்கு ஒதுக்க வேண்டும் என்று ஐ.நா. ஓர் இலக்கு வைத்திருக்கிறது. பெரும்பாலான பணக்கார நாடுகள் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. டென்மார்க் 1978 முதல் அதைத் தவறாமல் எட்டி வருகிறது. எங்கள் பக்கம் ஓர் இராணுவத் தளம் வைத்திருக்கவும் இல்லை, தீவைக் குத்தகைக்குக் கேட்கவும் இல்லை. எந்தக் கணக்கில் பார்த்தாலும் நல்ல நாடு. ஒலுவிலை அந்த நல்ல நாடுதான் கட்டியது. இதை வகுப்பில் சொல்லிப் பாருங்கள்.

கடன்தான் பிரச்சினை, நன்கொடை என்றால் பரவாயில்லை என்றும் சொல்ல முடியாது. நுரைச்சோலை வீடுகளை நீங்கள் என்னை விட அதிகம் பார்த்திருப்பீர்கள். சுனாமியில் வீடிழந்த அக்கரைப்பற்று மக்களுக்காகச் சவூதி அரேபியா கட்டிக் கொடுத்த 500 வீடுகள், பள்ளிக்கூடம், வைத்தியசாலை எல்லாம் சேர்த்து. ஒரு சதம் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் யாருக்கு அந்த வீடு என்ற கேள்வி வழக்காகி, இனவிகிதப்படி பங்கிட வேண்டும் என்று 2009 இல் உயர் நீதிமன்றம் சொல்ல, வீடுகள் பூட்டியபடி காடேறிப் போயின. கொடுத்த நாட்டுக்கும் வாங்கிய அரசுக்கும் இடையில் பத்திரம் சரியாகத்தான் இருந்திருக்கும். கூடாரத்தில் இருந்த மனிதன் அந்தப் பத்திரத்தில் எங்கே இருந்தான்? எனக்கு இன்றைக்கும் மனம் ஆறாத விஷயம் இது. ஒலுவிலையாவது கடல் கெடுத்தது என்று சொல்லலாம்.

நல்லதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எல்லாமே ஏமாற்று என்று உங்கள் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். எங்கள் பக்கம் மண்முனைப் பாலம். வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையிலிருந்து கிழக்கே இருக்கிற எழுவான்கரைக்கு வர, நெல் மூட்டையும் பால் கானும் பிள்ளை பெற வேண்டிய பெண்ணும் பாதையில் ஏறி வாவியைக் கடந்த காலம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. (அம்பாறைப் பக்கத்து ஆளுக்குப் பாதை என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. வேறு ஊர் வாசகர்களுக்காக: எங்களூரில் வாவி கடக்கிற மிதவைக்கும் பாதை என்றுதான் பெயர்.) ஜப்பானின் நன்கொடையில் 2014 இல் அந்தப் பாலம் திறந்தது. ஜப்பான் நன்கொடையில் ஒப்பந்தக்காரரும் ஜப்பான்காரராகவே இருப்பது வழக்கம். ஆகவே 'என் கடையில் வாங்கு' என்பது மட்டும் ஒரு வேலையைக் கெடுத்துவிடாது. மண்முனையில் பாலம் வேண்டும் என்பது ஜப்பான் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே அந்தக் கரையில் பிறந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கே வேண்டும் என்பதிலும் இரண்டு கதை இல்லை. ஒலுவிலில் மணலைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது, வரைபடம் போட்டவர் மேசைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி.

இந்தியா, சீனா பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டால் நீங்கள் விடமாட்டீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். கொழும்பில் ஜப்பான் கடனில் வரவிருந்த இலகு ரயில் திட்டத்தை 2020 இல் நம் அரசு ரத்துச் செய்தது. கொழும்புத் துறைமுகத்தின் கிழக்கு முனையத்துக்காக இந்தியாவோடும் ஜப்பானோடும் 2019 இல் செய்த உடன்பாட்டை 2021 இல் கைவிட்டது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் கட்ட முடியாது என்று நாமே அறிவித்தோம். அடுத்த வருடம் நமக்குக் கடன் கொடுத்த நாடுகள் குழு அமைத்தபோது இணைத் தலைவர்களாக உட்கார்ந்தவை இந்தியா, ஜப்பான், பிரான்ஸ். சீனா அந்தக் குழுவில் சேராமல் தனியாகப் பேசியது. அந்தப் பேச்சு முழுவதிலும் ஓடிய விதி ஒன்றுதான்: ஒருவருக்குக் கொடுக்கிற சலுகை மற்றவருக்குக் கொடுப்பதை விடக் கூடவோ குறையவோ இருக்கக் கூடாது. இந்தியாவோடு இரண்டாயிரம் வருடப் பண்பாட்டு உறவு, சீனாவோடு பழைய நட்பு எல்லாம் மேடையில். மேசையில் அட்டவணை. 2024 ஜூன் 26 இல் பாரிஸில் கையெழுத்தானது. அதுவரை ஜப்பான் கடனில் நடந்த வேலைகள் பாதியில் நின்றன, திரும்பத் தொடங்கியது அந்த ஜூலையில்தான். ரத்துச் செய்த நாடும் கடன் கேட்ட நாடும் நாம்தான் என்பதை எந்த மாணவியும் விளங்கிக்கொள்வாள்.

மனு விஷயம். தூதுவரிடம் மனுக் கொடுப்பது வீண் என்று சொல்ல மாட்டேன். தூதரகங்களிடம் சின்ன நன்கொடைத் திட்டங்கள் உண்டு. ஒரு வகுப்பறை, ஒரு குடிநீர்த் திட்டம், மகளிர் சங்கத்துக்கு ஒரு கட்டடம் என்று செய்து தருவார்கள். ஆனால் கடலுக்குக் கல் போடுவது அந்தக் கணக்கில் வராது. பெரிய வேலை என்றால் இங்கே ஓர் அமைச்சு கேட்க வேண்டும், நிதி அமைச்சின் வெளிநாட்டு வளங்கள் திணைக்களம் வழியாக அது அந்த நாட்டுக்குப் போக வேண்டும். தூதுவர் உங்கள் மனுவை மரியாதையாக வாங்கி, உங்கள் அரசு கேட்டால் பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டு தேநீர் குடிக்கிறார். அவர் மேல் பிழை இல்லை. மாகாண சபையும் இதில் கைகொடுக்காது. அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தத்தில் வெளிவிவகாரம் மத்திய அரசுக்கு ஒதுக்கப்பட்ட விடயம். போதாததற்குக் கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்த பிறகு தேர்தலும் வருடக் கணக்கில் நடக்கவில்லை.

அப்புறம் உங்களுக்கு என்ன வேலை என்கிறீர்கள். இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை எடுத்து 9 ஆம் பிரிவைப் படியுங்கள். வெளிநாட்டுப் பணத்தில் 100,000 டொலருக்கு மேற்பட்ட எந்தத் திட்டமானாலும், வேலை தொடங்க மூன்று மாதம் முன்பே அதன் விவரத்தைப் பொதுமக்களுக்கும், குறிப்பாக அதனால் பாதிக்கப்படக் கூடியவர்களுக்கும் தெரிவிப்பது பொறுப்பான அமைச்சரின் கடமை என்று இருக்கிறது. பொறுப்பு அவருடையது, நாம் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை. இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 இல். ஒலுவில் கட்டும்போது இருந்திருந்தால் என்று நான் நினைக்காத நாள் இல்லை.

அதே சட்டத்தின் 5 ஆம் பிரிவில் ஒரு கதவு சாத்தியிருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேறொரு நாட்டுடனான உறவுக்குப் பாரதூரமாகப் பாதிப்பு வரும் என்றால் தகவலை மறுக்கலாம். அதே பிரிவிலேயே, பொதுநலன் அதைவிடப் பெரிதாக இருந்தால் மறுக்க முடியாது என்றும் இருக்கிறது. அதிகாரிகளுக்கு முதல் பாதி மனப்பாடம்.

எனக்கும் ஓர் அனுபவம். வெளிநாட்டுக் கடனில் நடந்த ஒரு குளத்து வேலையைப் பற்றி ஓர் அலுவலகத்தில் கேட்டேன். "இது வெளிநாட்டு விசயம், கொழும்பில கேளுங்கோ" என்றார்கள். கொழும்பில் கேட்டேன். வேலை செய்வது மாவட்டம், அங்கே கேளுங்கள் என்று கடிதம் வந்தது. இரண்டு கடிதத்தையும் ஒன்றாக இணைத்து மேன்முறையீடு செய்த பிறகு ஆங்கிலத்தில் ஒரு கட்டுத் தாள் வந்தது. ஒரு கிழமை உட்கார்ந்து படித்தேன். வேலை முடிந்த பிறகு பராமரிப்பு எங்கள் விவசாய அமைப்பின் பொறுப்பு என்று அதில் ஒரு வரி. அந்த அமைப்பின் தலைவரிடம் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நான் எப்ப இதுக்கு ஓம் எண்டனான்?" என்று கேட்டார்.

உங்கள் வகுப்புக்கு ஒரு பயிற்சி தருகிறேன். 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் கொழும்புக்கு வந்தபோது கையெழுத்தான உடன்படிக்கைகளில் ஒன்று, கிழக்கு மாகாணத்துக்குப் பல்துறை நன்கொடை உதவி வழங்குவது பற்றியது. அந்தத் தடவை கையெழுத்தானவற்றின் முழு வாசகம் எங்கே என்று எதிர்க்கட்சிகள் கேட்டுச் சத்தம் போட்டது பிள்ளைகளுக்கு ஞாபகம் இருக்கும். நாலு கேள்வி போதும். அம்பாறை மாவட்டத்துக்கு அதில் என்னென்ன வேலை? அந்தப் பட்டியலைத் தயாரித்தது யார்? வேலையைச் செய்யப் போவது யார்? முடிந்த பிறகு பராமரிப்புச் செலவு யாருடையது? தமிழிலேயே எழுதுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லியாக வேண்டும். கையளிக்கும்போது திகதி போட்டு ஒரு பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதை மட்டும் மறந்துவிட வேண்டாம்.

பதில் வந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். வராவிட்டாலும் எழுதுங்கள், மேன்முறையீட்டை எப்படி எழுதுவதென்று சொல்கிறேன். நோன்புப் பெருநாள் முடிய ஒரு நாள் ஒலுவில் பக்கம் வருவதாக இருக்கிறேன். கரைவலை இழுக்கிற ஆட்கள் யாரையாவது தெரிந்தால் சொல்லி வையுங்கள், மணலைப் பற்றி அவர்களிடம் கேட்க எனக்கு நிறைய இருக்கிறது.

அன்புடன்,
கல்லடியிலிருந்து