கட்டி முடித்த கடன், சிபிலில் வாராக்கடன்: என்ன செய்வது?

கேள்வி: 2019-ல் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் டூ வீலர் லோன் எடுத்தேன். 24 டியூவும் கட்டி முடித்து, 2021-ல் என்.ஓ.சி. (பாக்கியில்லை என்ற சான்று) வாங்கி, ஆர்.சி.யில் ஹெச்.பி.யும் (வண்டி மேல் கடன் இருப்பதாகப் போட்ட பதிவு) கேன்சல் செய்தாயிற்று. இப்போது வீட்டுக் கடனுக்குப் போனால், சிபிலில் அந்த லோன் 'ரைட் ஆஃப்', அதாவது வாராக்கடன் என்று இருக்கிறது, 4,860 ரூபாய் பாக்கி காட்டுகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கம்பெனிக்கு போன் செய்தால், "ரெண்டாயிரம் கட்டுங்க, செட்டில்மென்ட் போட்டு முடிச்சிடலாம்" என்கிறார்கள். அலைவதைவிட கட்டித் தொலைத்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். என்ன செய்யட்டும்?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கட்டாதீர்கள். உங்கள் வீட்டுக்காரர் சொல்வது புரிகிறது, வீட்டுக் கடன் கைக்கு வரும் நேரத்தில் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? ஆனால் செட்டில்மென்ட் என்று கட்டினால், பாக்கி இருந்தது உண்மைதான் என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதோடு ரிப்போர்ட்டில் 'ரைட் ஆஃப்' போய் 'செட்டில்டு' என்று வந்து உட்காரும். முழுசாகக் கட்டாமல் பேசி முடித்தவர் என்று அதற்கு அர்த்தம், அடுத்த வங்கியும் அதைப் பார்த்துத் தயங்கும். உங்களுக்கு வர வேண்டியது 'க்ளோஸ்டு' என்ற நிலை, பாக்கி என்ற இடத்தில் பூஜ்யம். அதற்குக் குறைந்த எதற்கும் சம்மதிக்காதீர்கள்.

சிபில் என்பது யார் எப்படிக் கடன் கட்டினார்கள் என்று பதிந்து வைக்கும் நிறுவனம், அது தானாக எதையும் எழுதுவதில்லை. கடன் கொடுத்தவர் அனுப்புவதை வைத்துக்கொள்கிறது, அவர் ஒத்துக்கொள்ளாமல் அதை மாற்றவும் மாற்றாது. அதனால் கோளாறு கம்பெனியின் கணக்கில்தான் இருக்கிறது. பெரும்பாலும் இப்படி நடக்கும்: கடைசி டியூ சமயத்தில் ஏதோ ஒரு பவுன்ஸ் சார்ஜோ லேட் ஃபீஸோ கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும், என்.ஓ.சி. கொடுத்த ஆள் சிஸ்டத்தில் கணக்கை மூடியிருக்க மாட்டார், சில நூறு ரூபாய் அபராதத்துக்கு மேல் அபராதமாக ஏறிக்கொண்டே போய் ஒருநாள் மொத்தத்தையும் வாராக்கடனில் தள்ளிவிடுவார்கள். இத்தனைக்கும் உங்களுக்கு ஒரு கடிதம்கூட வந்திருக்காது. இது அநியாயம்தான், ஆனால் நிரூபிக்க முடிகிற அநியாயம்.

முதலில் முழு ரிப்போர்ட்டை எடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நாட்டில் நான்கு கிரெடிட் நிறுவனங்கள், நான்குமே ஆண்டுக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தந்தாக வேண்டும். நீங்களே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. அந்த லோனுக்குக் கீழே மாதவாரியாகக் கட்டம் கட்டமாக இருக்கும், ஒவ்வொன்றிலும் எத்தனை நாள் தாமதம் என்ற எண். 000 என்றால் தாமதமே இல்லை. எந்த மாதத்தில் 000 மாறி 030, 060, 090 என்று ஏற ஆரம்பிக்கிறது என்று பாருங்கள், பக்கத்திலேயே என்.ஓ.சி.யை வைத்துத் தேதியை ஒப்பிடுங்கள். என்.ஓ.சி.க்குப் பிந்தைய மாதத்திலிருந்து ஏறியிருந்தால், எதுவும் பாக்கியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பாக்கி போட்டிருக்கிறார்கள் என்பது கம்பெனியின் காகிதத்திலேயே தெரிந்துவிடும். ஹெச்.பி. கேன்சல் ஆன ஆர்.சி.யும் பெரிய ஆதாரம். ஹெச்.பி.யை நீக்கக் கொடுக்கும் ஃபாரம் 35-ல் கம்பெனி கையெழுத்துப் போட்டிருக்கிறது, பாக்கி வைத்தவருக்கு யாரும் அதில் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

அப்புறம் புகார். போனில் பேசுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில், சிபில் தளத்தில் டிஸ்ப்யூட் (பதிவு தவறு என்ற ஆட்சேபம்), இரண்டும் ஒரே நாளில் போகட்டும். மெயிலில் கதை வேண்டாம், இவ்வளவு போதும்: "கடன் எண் இது. இந்தத் தேதியில் முழுத் தொகையும் கட்டப்பட்டது. உங்கள் என்.ஓ.சி., வங்கி ஸ்டேட்மென்ட், ஆர்.சி. நகல் இணைத்துள்ளேன். கணக்கின் நிலையை க்ளோஸ்டு என்றும், பாக்கியைப் பூஜ்யம் என்றும், தவறான தாமத நாட்களையும் திருத்தி நான்கு கிரெடிட் நிறுவனங்களுக்கும் அனுப்பவும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவும்." தாமத நாட்களைக் குறிப்பிட மறக்காதீர்கள். பலருக்கு நிலை மட்டும் மாறும், அந்த 090-கள் அப்படியே நிற்கும், ஸ்கோரும் ஏறாது.

புகார் கொடுத்த நாளிலிருந்து 30 நாள் கணக்கு. அதில் கடன் கொடுத்தவருக்கு 21 நாள், மீதி கிரெடிட் நிறுவனத்துக்கு. தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் உத்தரவு போட்டது, 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. 45-வது நாள் திருத்தினார்கள் என்றால் 1,500 ரூபாய். தொகை சின்னதுதான், ஆனால் மெயிலில் இந்த உத்தரவை ஒரு வரி எழுதினாலே, விஷயம் தெரிந்தவர் என்று எடுத்துக்கொண்டு ஃபைல் நகரும். புகார் எண்ணையும் தேதியையும் பத்திரமாக வையுங்கள்.

30 நாளாகியும் பதில் இல்லை, அல்லது மழுப்பலாக ஒரு பதில் என்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (வாடிக்கையாளர் புகாரை விசாரிக்கும் அதிகாரி) போகலாம். ஆர்.பி.ஐ.யின் சி.எம்.எஸ். என்ற புகார் தளத்திலேயே பதியலாம், கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். சந்தேகம் என்றால் 14448-ல் கேளுங்கள். 2022 செப்டம்பரிலிருந்து கிரெடிட் நிறுவனங்களும் ஆம்புட்ஸ்மேன் வரம்புக்குள் வந்துவிட்டன.

இடைப்பட்ட காலத்தில் வேறு நாலு வங்கியில் லோனுக்கு எழுதிப் போடாதீர்கள். லோனுக்காக வங்கி செய்யும் ஒவ்வொரு விசாரணையும் ரிப்போர்ட்டில் பதிவாகும், அதுவே ஒரு குறையாகத் தெரியும். திருப்பி அனுப்பிய மேனேஜரிடமே என்.ஓ.சி.யையும் டிஸ்ப்யூட் எண்ணையும் கொடுத்து, விண்ணப்பத்தை மூடாமல் நிறுத்திவைக்க முடியுமா என்று கேளுங்கள். சிலர் கேட்பார்கள். "சிபிலைச் சுத்தம் செய்து தருகிறோம், ஐயாயிரம் கொடுங்கள்" என்று வருகிறவர்களிடம் பான், ஓ.டி.பி. எதையும் கொடுக்க வேண்டாம், நீங்கள் செய்ய முடியாத எதையும் அவர்களால் செய்ய முடியாது.

கேள்வி: நான் எடுக்கவே எடுக்காத பர்சனல் லோன் ஒன்று என் ரிப்போர்ட்டில் டீஃபால்ட் என்று இருக்கிறது. வேறு ஒருவருடையதா, ஏமாற்று வேலையா என்றே தெரியவில்லை.
— ஒரு வாசகர், ஓசூர்

பதில்: ரிப்போர்ட்டில் அந்த லோனுக்கான முகவரி, போன் எண், பிறந்த தேதி என்ன இருக்கிறது என்று பாருங்கள். நமக்கு இனிஷியல் ஒரு பெரிய தொல்லை. ஆதாரில் ஒரு மாதிரி, பானில் அப்பா பெயரை விரித்து இன்னொரு மாதிரி, அதே பெயரில் இன்னொருவர் இருந்தால் இரண்டு பேர் கணக்கும் ஒன்றாகக் கலந்துவிட வாய்ப்புண்டு. விவரங்கள் உங்களுடையவை இல்லை என்றால் 'இந்தக் கணக்கு என்னுடையது இல்லை' என்று டிஸ்ப்யூட் போட்டு, பான், ஆதார் நகலைக் கடன் கொடுத்தவருக்கும் அனுப்புங்கள்.

விவரங்கள் எல்லாம் உங்களுடையவையாகவே இருந்தால் யாரோ உங்கள் பானை வைத்துக் கடன் எடுத்திருக்கலாம். அப்போது சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு அழைத்துச் சொல்லி, சைபர் கிரைம் தளத்தில் புகார் பதிந்து, அந்த ரசீதோடு கடன் கொடுத்தவரிடம் கையெழுத்திட்ட ஒப்பந்தம், கே.ஒய்.சி. (அடையாளச் சான்று) நகல், பணம் எந்த வங்கிக் கணக்கில் விழுந்தது என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். மூன்றாவதை விடாமல் கேளுங்கள். உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத கணக்கில் பணம் போயிருந்தால், அதைத்தான் ஆம்புட்ஸ்மேனிடமும் போலீஸிடமும் முதல் ஆதாரமாக வைக்க வேண்டும். வசூல் ஏஜென்ட் வந்து மிரட்டினாலும் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம், புகார் எண்ணை மட்டும் சொல்லி அனுப்புங்கள்.