குடல் நுண்ணுயிர்களால் மனச்சோர்வு வருமா? விலங்கு ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

தொடர்பு உண்டு, அதுவும் இரு திசையிலும். மன அழுத்தம் கொடுத்தால் எலியின் குடல் நுண்ணுயிர்கள் மாறுகின்றன. நுண்ணுயிர்களை மாற்றினால் நடத்தையும் மாறுகிறது.

2016-இல் வெளியான ஓர் ஆய்வில், மனச்சோர்வு உள்ளவர்களின் குடல் நுண்ணுயிர்களை, ஆன்டிபயாடிக் கொடுத்துத் தயார் செய்த எலிகளுக்குள் செலுத்தினார்கள். எலிகளுக்கு இனிப்பு நீர் மீதிருந்த நாட்டம் குறைந்தது (இன்பம் தருவதில் ஆர்வம் குறைவதன் அடையாளம் இது), பதற்றம் கூடியது. டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தின் வளர்சிதை மாற்றமும் மாறியது. மனநிலையோடு தொடர்புடைய செரோடோனின் என்ற வேதிப்பொருளை உடல் தயாரிப்பது இதிலிருந்துதான் என்பதால், எனக்கு இதுவே முக்கியமான தடயமாகப் படுகிறது.

அப்புறம் நரம்பு வழி. 2011-இல் லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியாவின் ஒரு வகையை ஊட்டிய சுண்டெலிகளிடம் பதற்றம் தணிந்தது. குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பைத் துண்டித்த சுண்டெலிகளிடம் அந்தப் பலன் தெரியவில்லை.

சரி, எலியின் நடத்தை மனிதத் துயரம் ஆகிவிடாது. இதை நம்பி மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.