பிங் போனால் போதுமா? விபிஎன் கேட்வே சோதனை: கேள்வி-பதில்

ஐபிசெக் (பாக்கெட்டுகளை மறையாக்கி அனுப்பும் விபிஎன் நெறிமுறை) கேட்வேக்குத் தானியங்கிச் சோதனை எழுதியிருக்கிறோம். டனல் (இரு கேட்வேக்கும் நடுவிலான மறையாக்கப்பட்ட இணைப்பு) வந்ததும் மறுமுனைக்கு பிங் போகிறதா என்று பார்க்கிறோம். இது போதாதா?

போதாது. பிங் போனால் பாதை இருக்கிறது என்றுதான் அர்த்தம். ரவுட்டிங் பிசகி, பாக்கெட் மறையாக்கம் ஆகாமல் அப்படியே வெளியே போனாலும் பிங் ஜோராகப் போகும், சோதனையும் பச்சையாகிவிடும். இரண்டு கேட்வேக்கும் நடுவில், இணையத்தின் இடத்தில், மூன்றாவது மெஷின் ஒன்றை வையுங்கள். அதில் டிசிபிடம்ப் (கடந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) ஓடட்டும். இஎஸ்பி பாக்கெட்டுகள் (ஐபிசெக் மறையாக்கியவை; நெறிமுறை எண் 50) வந்தே ஆகவேண்டும். வழியில் நாட் (முகவரியை மாற்றி அனுப்பும் ரவுட்டர்) இருந்தால் அவை யுடிபி 4500-இல் வரும். உள் நெட்வொர்க் முகவரியோடு ஒரு பாக்கெட்கூட அங்கே தென்படக் கூடாது. இந்த இரண்டாவது சோதனையைத்தான் பலரும் எழுதாமல் விடுகிறார்கள்.

கேட்வேயிலேயே டிசிபிடம்ப் ஓட்டினேன். மறையாக்கம் இல்லாத பாக்கெட்டுகள் தெரிகின்றன. கசிகிறதா?

உள்ளே வருபவை மட்டும் என்றால் பயம் வேண்டாம். லினக்ஸ் கர்னல் இஎஸ்பியைப் பிரித்தபின் அதே இன்டர்ஃபேஸ் வழியாகத்தான் மறுபடி உள்ளே விடும். அதனால் ஒரே பாக்கெட் இரண்டு உருவில் தெரிகிறது. நானும் இதில் அரை நாளைத் தொலைத்தவன்தான். நடு மெஷின் சொல்வதையே நம்புங்கள்.

தவறான சாவியை எப்படிச் சோதிப்பது?

ஐகேஇ (ஐபிசெக்கில் சாவிகளைப் பேசி முடிக்கும் நெறிமுறை) பதிப்பு 2-இல் சுலபம்: பிஎஸ்கே (இரு முனையும் முன்கூட்டியே பகிர்ந்துகொண்ட சாவி) பொருந்தாவிட்டால் 'ஆதென்டிகேஷன் ஃபெயில்டு' என்று எதிர்முனையே சொல்லிவிடும். வயர்கார்டு (இன்னொரு விபிஎன் நெறிமுறை) வாயே திறக்காது. பதில் வராததுதான் வெற்றி. ஆனால் சர்வர் செத்துக் கிடந்தாலும் பதில் வராதே! எனவே தவறான சாவியில் மௌனம் என்று பார்த்த கையோடு, அதே ஸ்கிரிப்ட்டில் சரியான சாவியைப் போட்டு இணைப்பு வருகிறதா என்றும் பாருங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் அது ஒரு சோதனை.

ரீகீ (சாவியைப் புதுப்பிப்பது) ஆகும்போது இணைப்பு அறுந்தால் எப்படிப் பிடிப்பது? ஒரு மணி நேரம் காத்திருக்க முடியாதே.

ஸ்ட்ராங்ஸ்வானில் (ஐபிசெக் மென்பொருள்) சைல்டு எஸ்ஏவுக்கு (தரவைச் சுமக்கும் டனலின் சாவித் தொகுப்பு) இயல்பு ஒரு மணி நேரம், ஐகேஇக்கு நான்கு மணி நேரம். சோதனைக்கான கான்ஃபிக்கில் 30 விநாடியாகக் குறைத்துவிடுங்கள். இரு முனையும் ஒரே நொடியில் மோதாமலிருக்க ஸ்ட்ராங்ஸ்வான் நேரத்தைக் கொஞ்சம் தற்செயலாக மாற்றும். ஆகவே 'சரியாக 30-ஆவது விநாடி' என்று எழுதினால் சோதனை நொண்டும். வயர்கார்டில் 120 விநாடி என்பது உள்ளேயே பொதிந்தது. மூன்று நிமிடத்துக்கு மேல் ஓட விடுவதைத் தவிர வழியில்லை. அந்த நேரம் முழுக்க வரிசை எண் போட்ட பாக்கெட்டுகளை அனுப்பி, எது காணாமல் போனது என்று எண்ணுங்கள்.

சில நாள் பாஸ், சில நாள் ஃபெயில். ஏன்?

ஸ்கிரிப்ட்டில் 'ஸ்லீப் 10' (10 விநாடி சும்மா காத்திரு) இருக்குமே? டனல் வர சில நாள் அதைவிட நேரமாகும். எடுத்துவிட்டு, டனல் நிலையை நொடிக்கொரு முறை கேளுங்கள். 30 விநாடி தாண்டினால் ஃபெயில்.

பிங் போகிறது, பெரிய ஃபைல் பாதியில் நிற்கிறது.

எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு). சாதாரண பிங் 84 பைட். இஎஸ்பி தலைப்பு சேர்ந்தாலும் தாராளமாக நுழையும். 1500 பைட் பாக்கெட் நுழையாது. 10 எம்பி ஃபைல் ஒன்றை அனுப்பி செக்சம் ஒப்பிடுவதையும் சோதனையில் சேருங்கள்.

இதற்கெல்லாம் தனி ஹார்டுவேர் வேண்டுமா?

வேண்டாம். வயர்கார்டின் சொந்தச் சோதனையே ஒரே லினக்ஸ் மெஷினில் நெட்வொர்க் நேம்ஸ்பேஸ்களை (ஒரே மெஷினுக்குள் தனித்தனி நெட்வொர்க்குகள்) வைத்து ஓடுகிறது. ஸ்ட்ராங்ஸ்வான்காரர்கள் கேவிஎம் மெஷின்களை (லினக்ஸுக்குள் ஓடும் மெய்நிகர் மெஷின்கள்) வைத்துக்கொண்டு அவற்றுக்கு மூன், சன், ஆலிஸ், கரோல் என்று பெயரிட்டிருக்கிறார்கள். லாக் படிக்கும்போது 'கேட்வே1', 'கேட்வே2' என்பதைவிட இது எவ்வளவோ மேல்.