மழை, இடி வந்தா கோல்ஃப் கோர்ஸை எப்போ மூடணும்னு எப்படி முடிவு பண்றாங்க?

கேள்வி போட்ட தம்பி தேவகோட்டை பக்கம் கம்மாய்ப் பொட்டல்ல டென்னிஸ் பால் டோர்னமெண்ட் நடத்துறாராம். போன ஞாயித்துக்கிழமை செமிஃபைனல்ல நாலு ஓவர் பாக்கி இருக்கும்போது தூரத்துல இடி இடிக்க, ஒரு டீம் நிறுத்துங்கங்குது, இன்னொரு டீம் ஒரு சொட்டு மழை இல்ல எதுக்கு நிறுத்தணும்ங்குது, கடைசியில கைகலப்பு வரைக்கும் போயிருச்சாம். கோல்ஃப்ல இதுக்கு ரூலே இருக்காமே, அவங்க எப்படி முடிவு பண்றாங்கன்னு கேட்டிருக்கார்.

இருக்கு தம்பி. எனக்கு ஊர் கோட்டையூர் பக்கம், கோல்ஃப் நம்ம பக்கம் ஆடுற ஆட்டம் இல்ல, ஆனா சிங்கப்பூர்ல ஒரு கோல்ஃப் கிளப்புல 11 வருஷம் புல்லுலயே கிடந்தேன். புல் வெட்டுற மிஷின் ஓட்டுறதுல ஆரம்பிச்சு கடைசி 4 வருஷம் சூப்பர்வைசர். விடியுறதுக்கு முன்னாடி கிரவுண்டை ஒரு சுத்து சுத்திட்டு இன்னைக்குத் திறக்கலாமா வேணாமான்னு வாக்கி டாக்கியில ஆபீசுக்குச் சொல்றது என் வேலை, அதனால தெரிஞ்சதைச் சொல்றேன்.

முதல்ல மழையையும் மின்னலையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காதீங்க, உங்க பொட்டல்ல சண்டை வந்ததே அதனாலதான். மழைக்கு கோல்ஃப் நிக்காது, குடையைப் பிடிச்சுக்கிட்டு ஆடிக்கிட்டே இருப்பாங்க. தண்ணி தேங்கினாத்தான் மூடுறதைப் பத்தியே பேச்சு, அதுக்கு நின்னு நிதானமா யோசிக்க நேரம் இருக்கு. மின்னலுக்கு அந்த நேரம் கிடையாது. மழையே வேணாம், இடிச் சத்தம் காதுல விழுந்தாலே நீங்க மின்னல் எட்டுற தூரத்துல நிக்கிறீங்கன்னு அர்த்தம், ஏன்னா இடி பொதுவா 15 கிலோமீட்டர் தாண்டிக் கேக்காது, மின்னல் மழை பெய்யுற இடத்துலருந்து 10 கிலோமீட்டர் தள்ளிக்கூட வந்து இறங்கும். தலைக்கு மேல வெயில் அடிக்குதுங்கிறது கணக்கே இல்ல.

கோல்ஃப் ரூல் புக்குல 5.7ன்னு ஒரு விதி. ஒரே நீளமா ஒரு சைரன் ஊதினா அந்த நிமிஷமே ஆட்டம் நிக்கணும், கையில மட்டையை ஓங்கிக்கிட்டு இருந்தாலும் அடுத்த அடி அடிக்கக் கூடாது, மீறி அடிச்சா அபராதம். மூணு தடவை ஊதினா அது சாதாரண நிறுத்தம், வெளிச்சம் போயிருச்சு, தண்ணி நிக்குதுங்கிற மாதிரி, ஆடிக்கிட்டு இருக்குற குழியை, அதாவது பாலைக் கொண்டுபோய் ஒரு குழிக்குள்ள போடுற வரைக்கும் உள்ள அந்த ஒரு பகுதியை, முடிச்சுட்டு வரலாம். ரெண்டு சின்ன ஊதல்னா திரும்ப ஆரம்பிக்கலாம். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது வேற ஒண்ணு, மின்னல் ஆபத்து இருக்குன்னு ஆடுறவர் நியாயமா நினைச்சா சைரன் வராமலே அவரா நிறுத்திட்டுக் கிளம்பலாம், தப்பே கிடையாது. அதாவது பயந்தாங்கொள்ளின்னு யாரும் சொல்ல முடியாது, விதியே அவர் பக்கம் நிக்குது.

இப்படி ஒரு கண்டிப்பு சும்மா வரல. 1975ல சிகாகோ பக்கம் வெஸ்டர்ன் ஓப்பன் போட்டியில லீ ட்ரெவினோ, ஜெரி ஹெர்ட், பாபி நிக்கோல்ஸ்னு மூணு பெரிய ஆட்டக்காரங்க மேல மின்னல் தாக்கி ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, ட்ரெவினோவுக்கு முதுகு ஆபரேஷன் வரைக்கும் போச்சு. 1991ல யூஎஸ் ஓப்பன் கோல்ஃப்ல மரத்தடியில ஒதுங்கி நின்ன பார்வையாளர்கள் மேல இறங்கி ஒருத்தர் இறந்துட்டார், அதே வருஷம் ரெண்டு மாசத்துக்குள்ள பிஜிஏ சாம்பியன்ஷிப்ங்கிற இன்னொரு பெரிய கோல்ஃப் போட்டியிலயும் ஒருத்தர். நம்ம நாட்டுல 2022ல மட்டும் மின்னல்ல செத்தவங்க 2,887 பேருன்னு அரசாங்கக் கணக்கு, பெரும்பாலும் வயக்காட்டுல, வெட்டவெளியில நின்ன சனங்க.

கையில இரும்பு இருந்தா மின்னலை இழுக்கும்னு நம்ம ஊர்ல சொல்லுவாங்க, சிங்கப்பூர்லயும் அதையே சொல்லி மட்டையைத் தூக்கிப் போட்டுட்டு அங்கயே நிப்பாங்க. விஷயம் இரும்புல இல்ல, வெட்டவெளியில ஒசரமா நீங்க ஒத்தையா நிக்கிறதுல இருக்கு. மரத்தடி அதைவிட மோசம். மரத்துல இறங்குற மின்னல் வேர் வழியா மண்ணுக்குள்ள பரவுது, புளியமரத்தடியில நின்ன ஆடு மாடு மொத்தமா செத்துக் கிடக்குறதை நம்ம பக்கம் பார்த்திருப்பீங்களே, அது இப்படித்தான், எல்லா மாடு மேலயும் தனித்தனியா விழல.

எப்போ மூடுறதுங்கிறதுக்கு இயந்திரம் இல்லாத இடத்துல 30-30ன்னு ஒரு கணக்கு. மின்னல் வெட்டினதும் எண்ண ஆரம்பிங்க, 30 எண்ணுறதுக்குள்ள இடி கேட்டா நிறுத்தணும். சத்தம் ஒரு கிலோமீட்டர் வர சுமார் 3 செகண்ட், அப்ப 30 செகண்டுன்னா 10 கிலோமீட்டர். கடைசி இடி கேட்டதுலருந்து 30 நிமிஷம் கழிச்சுத்தான் திரும்ப உள்ள விடணும். எங்க கிளப்புல மின்னல் கண்டுபிடிக்கிற கருவியும் தானா ஊதுற சைரனும் இருந்துச்சு, அங்க சித்திரை வைகாசியிலயும் ஐப்பசி கார்த்திகையிலயும் மத்தியானம் தவறாம இடிக்கும், சுமத்ரா பக்கத்துலருந்து விடியக்காலையில வேற ஒரு காத்து மழை அடிச்சுக்கிட்டு வரும், கருவி இல்லாம முடியாது. ஆனா கருவி ஊதினாலும் ஆளைக் கிளப்புறது மனுஷன்தான், அங்கதான் எல்லாப் பிரச்சினையும்.

ஒரு சனிக்கிழமை சொல்றேன். ஒரு கம்பெனி போட்டி, நூத்துக்கும் மேல ஆளு, கிளப்புக்கு அன்னைக்கு நல்ல வருமானம். மேல பளிச்சுனு வானம், வடக்க மட்டும் கருக்கிக்கிட்டு வருது, சைரன் ஊதிருச்சு. எங்க மேனேஜர் எல்லாரையும் உள்ள கூப்பிடுன்னுட்டார். 14வது குழியில நின்ன நாலு பேர் வரமாட்டேன்னுட்டாங்க, வெயில் அடிக்குது பாரு, எங்க காசுக்கு நீ பதில் சொல்றியான்னு ஒருத்தர் என்னைப் பாத்துக் கத்துறார். நான் பக்கியை, அதாவது கோர்ஸுக்குள்ள ஆளை ஏத்திக்கிட்டுப் போற சின்ன வண்டியை, அவங்க பக்கத்துலயே நிறுத்திட்டு, சார் நீங்க ஏறாம நானும் போகமாட்டேன், எனக்கு ஊர்ல ரெண்டு பிள்ளைங்க இருக்குன்னேன். முனகிக்கிட்டே ஏறினாங்க. கிளப் ஹவுஸ் வந்து ஒரு கால் மணி நேரம் இருக்கும், சத்தம் கட்டடமே அதிர்ந்துச்சு. சாயங்காலம் போய்ப் பாத்தா அந்த 14வது குழிப் பக்கம் நின்ன தூங்குமூஞ்சி மரத்துக்கு உச்சியிலருந்து வேர் வரைக்கும் பட்டை உரிஞ்சு வெள்ளையாக் கிடக்கு. அவங்க ஒதுங்கியிருந்தா அந்த மரத்துக்குத்தான் ஒதுங்கியிருப்பாங்க. அன்னைக்கு ராத்திரி எனக்கு சோறு இறங்கல.

மூடுறதைவிடத் திறக்குறதுதான் கஷ்டம்னு நான் சொல்லுவேன். மழை வெறிச்சு வெயில் வந்துரும், 12 நிமிஷம்தான் ஆயிருக்கும், கவுண்டர்ல கூட்டம் நின்னுக்கிட்டு ரெயின் செக் (மழையால ஆட முடியலைன்னா இன்னொரு நாள் வந்து ஆடுறதுக்குக் குடுக்குற சீட்டு) குடு இல்லன்னா உள்ள விடுன்னு கேக்கும். வேற ஒரு மேனேஜர் இருந்தப்ப ஒரு நாள் 18வது நிமிஷத்துல திறந்துவிட்டாங்க, போற மேகத்தோட வால்லருந்து இன்னொண்ணு இறங்கிச்சு, என்கூட வேலை பாத்த திருமயத்துக்காரப் பையன் பம்ப் ரூம் வாசல்ல தூக்கிப் போட்டு விழுந்தான், தெய்வாதீனமா எந்திரிச்சிட்டான், ஒரு மாசம் காது சரியாக் கேக்கல. அன்னையிலருந்து 30ன்னா 30தான், நடுவுல ஒரு இடி கேட்டாலும் திரும்ப ஒண்ணுலருந்து ஆரம்பம்.

தண்ணிக்கு வர்றேன். காலையில நான் முதல்ல போறது பள்ளத்துல இருக்குற கிரீனுக்கு, அதாவது குழியைச் சுத்தி ஒட்ட வெட்டின புல்தரைக்கு, மிதிச்சா செருப்பைச் சுத்தித் தண்ணி கசிஞ்சு மேல வருதான்னு பாப்பேன், வந்தா மிஷினை இறக்கவே மாட்டேன், ஏன்னா ஈரத்துல ஏறின டயர் மண்ணை அமுக்கிரும், அப்புறம் வேருக்குக் காத்து போகாது, அந்தத் தடம் மாசக்கணக்குல நிக்கும். ஆடுறவங்க நடக்கலாம், ஆனா பக்கி பாதையை விட்டு இறங்கக் கூடாதுன்னு சொல்றது முதல் படி. குழியைச் சுத்தியே தண்ணி நின்னு தள்ளித் தள்ளியும் வத்தலைன்னா அப்பத்தான் மூடுறது. ஊட்டி மாதிரி இடத்துல மார்கழியில உறைபனிக்கும் நிறுத்துவாங்க, புல்லுக்குள்ள இருக்குற தண்ணி உறைஞ்சு கிடக்கும்போது மிதிச்சா உடைஞ்சு கருகிரும், வெயில் வந்து உருகுற வரைக்கும் காத்திருந்தாப் போதும்.

உங்க பொட்டலுக்கும் இதே கணக்குதான். கம்மாய் உள்வாய் வண்டல் மண்ணுல மழை பெஞ்ச மறுநாள் குதிகாலை அழுத்திப் பாருங்க, உள்ள போச்சுன்னா அன்னைக்கு மேட்ச் வைக்காதீங்க, ஓடி வந்து பால் போடுற பையன் முட்டி போயிரும், மேட்டுச் செம்மண் சரளையா இருந்தா ஒரு மணி நேரத்துல காஞ்சிரும். மின்னலுக்கு, மேட்ச் அன்னைக்கு முடிவு பண்ணாதீங்க, வானம் தெளிவா இருக்கும்போதே நோட்டீஸ்ல அடிச்சிருங்க: இடி கேட்டா ஆட்டம் நிக்கும், கடைசி இடிக்கப்புறம் 30 நிமிஷம், முடியலைன்னா மறுநாள் அதே ஸ்கோர்லருந்து. முடிவு சொல்றது ரெண்டு டீமுலயும் சேராத ஒரே ஆள், ஊர்ல மரியாதை உள்ள பெரியவரா இருந்தா நல்லது, காசு கட்டின ஸ்பான்சரா இருக்கக் கூடாது. போன்ல தாமினி ஆப் போட்டுக்கங்க, 20, 40 கிலோமீட்டர் வட்டத்துல மின்னல் வந்தாக் காட்டும், ஆனா சிக்னல் போயிருச்சுன்னா உங்க காதுதான்.

மைக்ல ஒரு தடவை அறிவிச்சுட்டு மைக்கை வச்சிருங்க, ஆம்ப்ளிஃபயர் வயரைக் கையில பிடிச்சுக்கிட்டு கமெண்ட்ரி சொல்றவருக்குத்தான் ஆபத்து அதிகம். ஷாமியானா பந்தல், ஃப்ளட் லைட் கம்பம், பனைமரம், பைக் இதெல்லாம் ஒதுங்குற இடமே இல்ல. ஸ்கூல் மாதிரி காங்கிரீட் தளம் போட்ட கட்டடம், இல்ல கண்ணாடி ஏத்தின காரு வேனு, இவ்வளவுதான். சனங்க அங்க நடந்து போக எவ்வளவு நேரம் ஆகும்னு ஒரு நாள் நடந்து பாத்துக்கங்க, எட்டு நிமிஷம் ஆகும்னா இடிக்குக் காத்திருக்காதீங்க, ஆப்புல 20 கிலோமீட்டர்ல மின்னல் காட்டினதுமே கிளப்பிருங்க. எங்க அப்பத்தா இடி இடிச்சா அர்ச்சுனா அர்ச்சுனான்னு சொல்லிக்கிட்டே வாசல்ல நிக்கிற பிள்ளைங்களை எல்லாம் வீட்டுக்குள்ள இழுத்துரும், அர்ச்சுனனை விட்டாலும் அந்த இழுக்குறதை விடாதீங்க.

இன்னொண்ணு, மின்னல் அடிச்சவரைத் தொட்டா ஷாக் அடிக்கும்னு தள்ளி நிப்பாங்க, அடிக்காது, உடம்புல கரண்ட் தங்காது. மூச்சு இல்லைன்னா உடனே நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வச்சு வேகமா அழுத்துங்க, 108 வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. டீமுக்கு ரெண்டு பேராவது இதைக் கத்துக்கிட்டு வரச் சொல்லுங்க, என்ட்ரி ஃபீஸ் வாங்கும்போதே சொல்லிருங்க.