முன்னாள் காதலர்கள் ஒரே சந்தையில் போட்டி வியாபாரிகளாக இருந்தால் நம்பும்படி இருக்குமா?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை. 1950களின் கொங்கு நாட்டை வைத்துக் காதல் கதை எழுதுகிறீர்கள் போல. நம்புவார்கள், தைரியமாக எழுதுங்கள். என் அம்முச்சி (அம்மாவின் அம்மா) அப்படித்தான் வாழ்ந்தார்.

இறந்தவர்களின் காதலைப் பொதுவில் எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். யாரும் தலைகுனிய இதில் ஒன்றும் இல்லை. பெயரும் சொல்லப் போவதில்லை.

ஊத்துக்குளிப் பக்கம். அம்முச்சியும் அவர் காதலித்தவரும் கட்டிக்கொள்ளும் முறைதான். அம்முச்சி வீட்டில் இருந்ததோ மழையை நம்பிய காடு (மானாவாரி நிலம்). அந்தக் காதலர் வீட்டில் கிணறும் தோட்டமும் உள்ள இடமாகப் பார்த்துப் பெண் எடுத்துவிட்டார்கள். அம்முச்சியை வேறிடத்தில் கட்டிக்கொடுத்தார்கள். இருபத்தெட்டு வயதில் வெள்ளைச் சேலை, மூன்று பிள்ளைகள். வெண்ணெய் வாங்கி விற்க ஆரம்பித்தார். அந்தச் சந்தையில் ஏற்கெனவே பெரிய வெண்ணெய் வியாபாரி அந்தப் பழைய காதலர்.

ஒன்றைக் கவனியுங்கள். எருமைத் தயிரைச் சிலுப்பி எடுக்கும் வெண்ணெய்க் காசு அன்று வீட்டுப் பெண்களின் சிறுவாடு (கைச்சேமிப்பு). ஆண் வியாபாரி வந்தால் திண்ணையில் மாமனாரே விலை பேசிக் காசையும் வாங்கிக்கொள்வார். அம்முச்சி புழக்கடை வழியாகப் போய் மருமகள் கையில் கொடுத்துவிடுவார். ரெண்டே வருசத்தில் அவருக்குப் போய்க்கொண்டிருந்த வெண்ணெயில் பாதி இவர் சட்டிக்கு வந்துவிட்டது. அவரும் விடவில்லை. வீசைக்கு (அன்றைய எடை, சுமார் 1.4 கிலோ) ஓர் அணா குறைப்பார். இவர் ஒன்றரை அணா குறைப்பார். பேச்சுவார்த்தை கிடையாது.

அப்புறம் டால்டா விவகாரம். 1937-ல் வந்த டால்டா என்ற வனஸ்பதி அதற்குள் கிராமம் வரைக்கும் பரவியிருந்தது. நெய்யில் கலந்தால் அமிலச் சோதனையில் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கட்டும் என்றுதான் வனஸ்பதியில் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று அரசு விதியே போட்டது. ஆனால் சந்தையில் அமிலத்துக்கு எங்கே போவது? அம்முச்சி டால்டா கலக்கிறார் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். மூன்று சந்தைக்கு ஒரு பலம் (சுமார் 35 கிராம்) கூட விற்கவில்லை.

நாலாவது சந்தையில் அவர் வந்தார். அம்முச்சியின் சட்டியிலிருந்து ஒரு வீசை கேட்டு, முழு விலை கொடுத்து வாங்கினார். பக்கத்துப் பலகாரக் கடை அடுப்பில் தானே உட்கார்ந்து உருக்கினார். சடசடப்பு அடங்கி நுரை தணிந்ததும் ஒரு கொத்து முருங்கைக் கீரையைப் போட்டு இறக்கினார். புறங்கையில் ஒரு சொட்டுத் தேய்த்து, கூடியிருந்தவர்களிடம் மோந்து பார்க்க நீட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லையாம். அம்மாவுக்கு அப்போது ஏழு வயது. அந்த வாசனையை இன்றைக்கும் சொல்லுவார். அடுத்த சந்தையிலேயே அவர் வழக்கம்போல விலையைக் குறைத்தார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அடமானத்தில் இருந்த பூர்வீகக் காட்டை மீட்டது இந்த வெண்ணெய்க் காசு. அம்மாவும் கூடவே சட்டி சுமந்தவர். 1989-ல் தமிழ்நாட்டில் பெண்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று சட்டம் வந்தபோது, அதற்கு முன்பே கல்யாணமானவர்களை விட்டுவிட்டார்கள். காடு முழுக்க மாமன்களுக்குப் போனது. அம்மாவுக்கு ஒரு சென்ட் இல்லை.

சரி, உங்கள் கதைக்கு வருகிறேன். கடைசியில் இருவரையும் சேர்த்து வைத்துவிடாதீர்கள், தயவுசெய்து. அம்மாவுக்குப் பதினாறு வயது இருக்கும்போது அவர் காலமானார். அடுத்த சந்தையில் கடை விரித்ததும் அம்முச்சி பழக்கத்தில், "அவிய இன்னைக்கு என்ன வெல சொல்றாங்கன்னு பாத்துட்டு வா கண்ணு" என்றிருக்கிறார். அம்மாவும் எழுந்து, அவர் கடை போடும் புளியமரத்தடி வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்பிப் பார்த்தாராம். அம்முச்சி தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் வரைக்கும் யார் கேட்டும் விலை சொல்லவில்லை.